பாதித் தும்மல்

ரொசாரியோ வளவில் இருந்த டிவிகள் எல்லாம் ஜெனோவாவின் வீட்டைக் காட்டத் தொடங்கிய காலத்தில், அதை முதலில் பார்த்தது யார் என்பதில்தான் சண்டை வந்ததே தவிர, அது எப்படித் தெரிகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பின்வரிசை மெற்றில்டா அக்கா, கருவாடு அலசிக்கொண்டிருந்தபோதே தான் பார்த்துவிட்டதாக மாதா மேல் சத்தியம் செய்தாள். வளவின் ஜெபக் குழுவான அன்பியத்துக்குத் தலைவர் சவரிராயன், அதற்கும் முந்தின செவ்வாய்க்கிழமை செய்தி பார்க்க உட்கார்ந்தபோது செய்திக்குப் பதிலாக ஜெனோவா துணி மடித்துக்கொண்டிருந்தாள் என்றும், நாகரிகம் கருதி, அவள் முழுவதும் மடித்து முடித்த பிறகுதான் மாற்றினேன் என்றும் சொன்னார்.

அந்த வளவு ஒரு காலத்தில் உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியாக இருந்தது. பிற்பாடு ஒற்றைச் செங்கல் சுவர் வைத்துத் தடுத்துத் தடுத்து வீடுகளாக்கிவிட்டார்கள். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் "தண்ணி குடி" என்பார்கள். ஒருவர் தும்மினால் எந்தச் சுவருக்குப் பின்னாலிருந்தாவது "நூறு" என்று குரல் வரும். தும்மியது கைப்பிள்ளை என்றால் எல்லாச் சுவர்களும் சேர்ந்து "நூறு" சொல்லும். சொல்லாமல் விட்டால் அந்தத் தும்மலோடு பிள்ளையின் ஆயுசும் போய்விடும் என்று பயம். தும்முவதற்கு முன்னால் சொல்லிவிடவும் கூடாது, அது அதைவிடக் கெடுதல்.

ஜெனோவாவின் புருஷன் ரெக்ஸன் கப்பலில் எலெக்ட்ரீஷியன். கிளம்புவதற்கு முன்னால் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டு ஹாலின் மூலையில் வைத்து, அதில் சினிமாப் படங்களையும் பிள்ளை பிறந்ததிலிருந்து எடுத்த வீடியோக்களையும் போட்டு, வயர் இல்லாமலேயே டிவியில் பார்க்கும்படி செய்து கொடுத்தான். வளவு முழுக்க ஒரே இன்டர்நெட் லைன்தான், அதுவும் அவன் இழுத்துக் கொடுத்தது. "என் மவன் வளவுக்கே லைன் குடுத்திருக்கான்" என்று சொல்லிக்கொள்ள அவன் அம்மா செலஸ்டீனுக்கு ஆசை. படங்கள் யார் யாருக்குத் தெரியலாம் என்று கம்ப்யூட்டர் கேட்டபோது, டாக்ஸி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததால், ரெக்ஸன் "எல்லோருக்கும்" என்று அழுத்திவிட்டுப் போய்விட்டான். கம்ப்யூட்டரும் சொன்ன சொல்லைத் தட்டாமல், தன்னிடம் இருந்த படங்களை விட்டுவிட்டு, தன் எதிரே இருந்த வீட்டை எல்லோருக்கும் காட்டியது. கேமரா என்று ஒன்று அந்த வீட்டில் எங்கேயும் கிடையாது.

வளவு அதற்குப் பழகிக்கொண்டது. புது மருமகள் வந்தால் எப்படிப் பழகிக்கொள்ளுமோ அப்படி, குற்றம் சொல்லியே பழகிக்கொண்டது. "ஏட்டி ஜெனோவா, கஞ்சியில கட்டி கட்டியா நிக்கி, அடுப்பக் குறை" என்று சுவர் சொல்லும். குறைத்தால், "இப்பக் குறைச்சு என்னத்துக்கு" என்று இன்னொரு சுவர் சொல்லும். மீன் வாங்கப் போனால், "நேத்து வாங்கின சாளையவே நீ இன்னும் பொரிக்கலியேம்மா" என்று மீன்காரி கூடையைத் திறக்காமலே போவாள். பூசைக்குப் போனால் பெண்கள் தள்ளி உட்கார்ந்தார்கள், ஏதோ அவள்தான் அவர்கள் வீட்டுக்குள் தினமும் அழைக்காமல் நுழைகிறாள் என்பது போல. கான்வென்டில் படித்தவள் என்பதால் அவளுக்குச் சத்தம் போட வராது. "ப்ளீஸ், கொஞ்சம் வேற சேனல் மாத்திக்கிடுங்க" என்று சிஸ்டர்கள் பழக்கிய மெல்லிய குரலில் அவள் கேட்டதை, வளவின் பிள்ளைகள் தெருவில் நடித்துக் காட்டி விளையாடினார்கள். கம்ப்யூட்டர் மேல் நீலப் போர்வையைப் போட்டு மூடினாள். டிவிகளில் அவள் வீடு நீலமாகத் தெரிந்தது. "கண்ணு வலிக்கிட்டி, அந்தத் துணிய எடு" என்று மெற்றில்டா அக்கா வாசலுக்கே வந்து கத்தினாள்.

குளியலறைக் கதவு வரைக்கும்தான் காட்டும், அதற்குள் போகாது. அதனால் அவள் அழுவதற்கு அங்கே போனாள். "இவ்வளவு நேரம் உள்ள என்னத்தப் பண்ணுதா?" என்ற கேள்வி வளவைச் சுற்றி வந்து மாமியாரிடம் சேர்ந்தது.

செலஸ்டீன் மாமி எதிர்வீடு. மகன் வீடு ஊரெல்லாம் தெரிகிறது என்று முதலில் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து நடு ஹாலில் உட்கார்ந்து போனவள், பிறகு வருவதை நிறுத்திவிட்டுத் தன் வீட்டிலிருந்தே பார்க்க ஆரம்பித்தாள். அவளுடன் மகள் டெய்சியும் பார்த்தாள். டெய்சிக்குக் கல்யாணமாகிப் பிள்ளை இல்லை, புருஷன் ஊரான மணப்பாட்டிலிருந்து சும்மா வந்து இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டார்கள். "அவளுக்குப் பிள்ள வளக்கத் தெரியல, ஊரே பாத்து சிரிக்கி. பிள்ளய டெய்சி கொஞ்ச நாள் கொண்டுபோய் வச்சிருக்கட்டும்" என்று மாமி ஒருநாள் சொன்னாள். டிவியில் கண்டதை வைத்து வளவும் ஆமாம் போட்டது. முந்தி ஒரு தடவை பிள்ளை கட்டிலிலிருந்து விழுந்ததை எல்லோரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். ஜெனோவா பாய்ந்து பிடித்ததைப் பார்த்தவர்கள் மட்டும் எப்படியோ யாரும் இல்லை.

ஜெனோவாவின் பிள்ளை எவி என்ற எவ்லினுக்கு அப்போது தவழ்கிற பருவம். பகலில் ஆண்கள் துறைமுகத்துக்கும் பெண்கள் சந்தைக்கும் போயிருக்கிற நேரத்தில் அது பாச்சைப் பூச்சி போல ஓடும். சாயங்காலம் டிவிகள் ஒவ்வொன்றாக உயிர் பெறும்போது அதன் கை கால் கனக்கும். ஒரு கையை எடுத்து வைத்து அடுத்த கையை வைக்க நேரமாகும், வாய் திறந்து வெகு நேரம் கழித்துச் சிரிப்பு வரும், பந்து உருண்டு போன பிறகுதான் கண் பந்து இருந்த இடத்துக்கு வரும். அந்த நேரத்தில் டிவியில் பார்த்தால், பிள்ளையின் நெஞ்சின் மேல், வீடியோ நின்று நின்று வரும்போது சுற்றுமே அதுபோல, ஒரு சின்ன வெள்ளை வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். ஒருநாள் சில வீடுகளுக்கு மட்டும் கரண்ட் போனது. அந்த நிமிஷமே எவி எழுந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது, அதற்கு முன் அது நின்றதே இல்லை. இத்தனை பேர் பார்க்கிற பாரத்தை ஒரு பிள்ளை இழுத்துக்கொண்டு தவழ்கிறது என்று ஜெனோவாவுக்குப் புரிந்துவிட்டது.

ஓடிப்போய்க் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினாள். பாயில் இருந்த பிள்ளையின் நிறம் வெளுத்தது, உதட்டின் சிவப்பு போனது, பாயின் பச்சைக் கோடுகள் பிள்ளையின் குதிகால் வழியாகத் தெரிந்தன. மறுபடி சொருகினாள். கோடுகள் மறைந்தன, பிள்ளை வீறிட்டது. அதற்குள் வாசலில் கூட்டம்.

"ஏன் நிறுத்துன?"

"பிள்ளைக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"சாயங்காலத்துல இருந்து பாக்கோம், நடுவுல நிறுத்துனா எப்படி?" என்றாள் மெற்றில்டா அக்கா.

இத்தனை வீட்டில் பார்ப்பதால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று அவள் அவர்களிடம் சொன்னாள். அவர்கள் கேட்டார்கள், இரக்கப்பட்டார்கள். ஆனால் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரே ஒரு டிவிதானே இருந்தது! "எங்க ஒரு டிவியினாலயா பிள்ளைக்கு இப்படி ஆவுது? மத்தவங்ககிட்ட சொல்லு தாயி" என்று எல்லோரும் மற்றவர்களைக் கை காட்டினார்கள். அந்த மற்றவர்கள் அந்த வளவில் எந்த வீட்டில் குடியிருந்தார்கள் என்பதை மட்டும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்த வளவில், சாயங்காலம் செலஸ்டீன் மாமி பிள்ளையைக் கேட்டு வரப்போகிறாள் என்ற செய்தி இறைச்சி வேகும் வாசனையோடு பரவியிருந்தது. சண்டை நடக்கும், பார்க்கலாம் என்று மத்தியானத்திலிருந்தே எல்லா வீட்டிலும் டிவி ஓடியது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருந்த வீட்டில்கூட ஓடியது. மெற்றில்டா அக்கா டிவியைப் பார்த்துக்கொண்டே வத்தல் வறுத்ததில் மிளகாய் கருகி, அந்த நெடி சுவர் இடுக்கு வழியே ஜெனோவாவின் ஹாலுக்கு வந்தது. அவள் மடியில் இருந்த எவி கண்ணை இடுக்கி, மூக்கைச் சுருக்கி, வாயைப் பிளந்து, தலையைப் பின்னால் வாங்கியது.

அப்படியே நின்றுவிட்டது.

தும்மல் வரவில்லை. மூச்சு உள்ளே போனது போனதுதான், வெளியே வரவில்லை. கன்னம் சூடாக இருந்தது, உதட்டோரத்தில் எச்சில் ஒரு சொட்டாகி விழாமல் தொங்கியது. டிவிக்குள் பிள்ளையின் மேல் வெள்ளை வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"நூறு" சொல்வதற்கு நாக்கை மடக்கி வைத்திருந்த வளவு, சொல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தவித்தது. சோற்றுப் பருக்கையோடு வாயைத் திறந்து வைத்தபடி ஆண்கள் இருந்தார்கள். பிறகு சவரிராயன் எழுந்து, தலைவருக்குரிய குரலில், வீடு வீடாகக் கேட்கும்படி அறிவித்தார்: "ஆபத்துல ஒரு பிள்ள இருக்கு. எல்லாரும் அவங்கவங்க வீட்ல, டிவிக்கு முன்னால முழங்கால் போட்டு, ஜெபமாலை சொல்லுவோம். பிள்ள தும்முற வரைக்கும் யாரும் டிவிய அணைக்கக் கூடாது."

அந்த வளவில் எல்லா வீட்டிலும் டிவிக்கு மேலேதான் மாதா சுரூபம் இருக்கும், அதனால் ஜெபம் சொல்ல யாரும் திரும்பி உட்கார வேண்டியிருக்கவில்லை. கெட்டுப்போய் மூலையில் கிடந்த டிவிகளைக்கூடத் தட்டித் தட்டி உயிர்ப்பித்து, புண்ணியம் கிடைக்கும் என்று முன்னால் வைத்தார்கள். ஒவ்வொன்றாக ஏற ஏற, ஜெனோவாவின் மடியில் பிள்ளை கல்லாகக் கனத்தது.

"வேண்டாம், ப்ளீஸ், அணைங்க" என்று அவள் பிள்ளையோடு எழுந்து ஹாலில் நின்று கெஞ்சினாள். அவள் கெஞ்சியதையும் பார்த்தார்கள், அழுதார்கள், அழுதுகொண்டே இன்னும் கிட்டே நகர்ந்து பார்த்தார்கள்.

பிள்ளையைப் பாயில் படுக்க வைத்துவிட்டு வெளியே ஓடினாள். மெற்றில்டா அக்கா வீட்டு வாசல் திறந்துதான் இருந்தது. "அக்கா, டிவிய அணைங்கக்கா, அதனாலதான்..." என்றாள்.

"ச்சூ, சத்தம் போடாத" என்றாள் மெற்றில்டா, திரும்பாமல். "அந்தப் புள்ளைக்கு உசுரு போவுது, இங்க நின்னு தொணதொணன்னு! பாவி மட்ட, பெத்தவ எங்கயோ போயிட்டா பாரு, பிள்ளய ஒத்தையில போட்டுட்டு."

"நான்தான்க்கா பெத்தவ."

"தள்ளி நில்லுட்டி, மறைக்கி."

தள்ளி நின்றபோது உள்ளறை தெரிந்தது. அங்கே மெற்றில்டாவின் மாமனார் நனைந்த வேட்டியோடு கட்டிலில் கிடந்து, கைக்கு எட்டாத தம்ளரைப் பார்த்து, "தண்ணி, தண்ணி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜெனோவா அவரைத் தூக்கி உட்கார வைத்தபோது முதுகெல்லாம் படுக்கைப் புண்; தம்ளரை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினாள். அந்த வீட்டில் அவளை யாரும் பார்க்கவில்லை, அதற்கடுத்த வீட்டிலும் பார்க்கவில்லை. எல்லோர் முதுகும் வாசலுக்கு இருந்தது. சவரிராயன் வீட்டில் ஆண்கள் வரிசையாக முழங்காலில் இருந்தார்கள். கையில் ஜெபமாலை உருண்டது. ஒரு 'அருள்நிறை மரியே' ஜெபத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே, "மன்றாட்டு மாலைக்கு முன்னால தும்மிரும், ஒரு பாட்டில் பந்தயம்" என்றார் தலைவர். "தும்மவே தும்மாது, ரெண்டு பாட்டில்" என்றான் பக்கத்திலிருந்தவன். "ஆமென்" என்றார்கள் மற்றவர்கள்.

கடைசியாக மாமியார் வீடு. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பிள்ளைத் துணிகள் அடுக்கிய பை ஒன்று தயாராக இருந்தது. டெய்சி டிவியைப் பார்த்தபடி, "வேண்டாம்மா, அந்தப் பிள்ளயப் பாரு, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். மாமி சொன்னாள்: "கிறுக்கி. தும்முனா சரியாப் போவும். வெறுங்கையோட வராதன்னு உன் புருஷன் சொல்லித்தான அனுப்புனான்? பிள்ளையோட போ. பிள்ளையோட போனவள எவனும் வாசல்ல நிறுத்த மாட்டான்."

ஜெனோவா தன் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். போன் அடித்தது. எங்கோ கடலிலிருந்து ரெக்ஸன், விட்டுவிட்டுக் கேட்கும் குரலில், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முதல்ல நம்ம டிவிய ஒரு தடவ அணைச்சுப் போட்டுப் பாரு" என்றான். மெக்கானிக் புத்தி என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது, போனைக் கட்டிலில் வீசினாள். நம் டிவியையா? பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று அவள் பார்த்துக்கொள்வதே அதில்தானே? பாயில் பார்த்தால் அசையாத பிள்ளை. டிவியில் பார்த்தால் அந்த வட்டமாவது சுற்றுகிறது.

பாயில் பிள்ளையின் காது மடல் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

ஜெனோவா ஹாலின் நடுவில் வந்து நின்றாள். சிஸ்டர்கள் பழக்கிய குரல் தொண்டையில் எங்கோ கழன்று விழுந்தது. அவள் வாயைத் திறந்தபோது அவளுடைய அம்மாவின், அம்மாவைப் பெற்றவர்களின், கரையில் நின்று கடலுக்குக் கேட்கக் கத்திய பெண்களின் குரல் வந்தது.

"ஏ மெற்றில்டா!"

அந்தச் சத்தம் எல்லா டிவியிலிருந்தும் புறப்பட்டு, சுவர்களில் முட்டி, கொஞ்சம் பிந்தி, பல வாய்களாக அவளிடமே திரும்பி வந்தது: மெற்றில்டா, மெற்றில்டா, மெற்றில்டா.

"என் பிள்ளைக்கு முழங்கால் போட்டு அழுதியே, உன் மாமனாரு மூத்திரத் துணியில கெடந்து தண்ணி தண்ணின்னு கத்துதாரே, அது உன் காதுல விழலியா? இன்னும் சொல்லவா? அவரு முதுகப் பாத்துட்டுத்தான் வந்திருக்கேன். அணைச்சியன்னா இதோட விடுதேன்."

தன் வீட்டில் அணைத்தால் ஊருக்கே அணைந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ, மெற்றில்டா டிவியின் மேல் விழுந்து அணைத்தாள். திரும்பி வந்த குரல்களில் ஒன்று குறைந்தது. பாயில் எவியின் சுண்டுவிரல் மடங்கியது.

"தலைவரே! ஜெபமால உருட்டுத கையால பாட்டில் பந்தயம் கெட்டுதீரே, உம்ம கூட கெட்டுனவன் பேரையும் சொல்லவா? அவன் பொண்டாட்டியும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கா!"

ஒரே நேரத்தில் இரண்டு குரல்கள் குறைந்தன. அதன் பிறகு அவள் வரிசையாகப் போனாள். நாத்தனாரைச் சோற்றுக்குக் காக்க வைத்த வீடு, அழுகிற பிள்ளையைத் தொட்டிலோடு சேர்த்துக் கட்டிப் போட்டுவிட்டு அவள் பிள்ளைக்காக அழுத வீடு, மாதா சுரூபத்துக்குப் போட்ட மாலையைத் திரும்ப எடுத்துக் கழுத்தில் போட்டிருந்த வீடு. முதுகு காட்டி உட்கார்ந்தவர்களின் முதுகுக்குப் பின்னால் கண்டதையெல்லாம் பேர் சொல்லிச் சொன்னாள். சில வீடுகளில் அவள் ஒன்றும் காணவில்லை. "அடுத்தது நீ" என்று மட்டும் சொன்னாள், அங்கேயும் அணைந்தது. ஒவ்வொன்று அணையும்போதும் பிள்ளையிடம் ஏதோ ஒன்று திரும்பி வந்தது. இமை, முழங்கால், உதட்டோரம் தொங்கிய எச்சில். எச்சில் சொட்டு விழுந்தது.

"மாமி" என்றாள் ஜெனோவா. எதிர்வீட்டிலிருந்து அவள் குரல் அவளுக்கே திரும்பக் கேட்டது. "உங்க மவளப் புருஷன் வீட்ல சேத்துக்கிட மாட்டேன்னு தொரத்திவிட்டத மறைச்சு, அவள வாசலுக்கு உள்ள ஏத்த என் பிள்ளயவா குடுத்து அனுப்பப் பாக்கீங்க?"

மாமி அணைக்கவில்லை. மாமிக்கு அவமானத்தைவிட வீம்பு பெரிது. டெய்சிதான் எழுந்து போய் அணைத்தாள். அணைத்த பிறகு அவள் அழுத சத்தம் டிவி இல்லாமலேயே, முற்றத்தைத் தாண்டி வந்தது. ஜெனோவா அதைக் கேட்டாள். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது தும்மல் வர வேண்டும். வரவில்லை. வாய் பிளந்தது பிளந்தபடியே இருந்தது.

"இன்னும் எவ?" என்று கத்தினாள். இன்னும் எவ, என்று ஒரே ஒரு குரல், மிகக் கிட்டத்தில், அவளுக்கு முன்னாலிருந்து திரும்பி வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய டிவிக்குள், தலை கலைந்த ஒருத்தி பிள்ளைக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரிமோட் எங்கே என்று அவள் தேடவில்லை. சுவரோடு இருந்த சுவிட்சை அடித்தாள். திரை கறுத்தது. வட்டம் கடைசியாக ஒரு பாதிச் சுற்றுச் சுற்றி மறைந்தது.

எவி தும்மியது.

மத்தியானத்திலிருந்து தேங்கிய தும்மல். பிள்ளை பாயிலிருந்து ஒரு சாண் எம்பியது, காலண்டர் தாள் பறந்தது, வாசலில் கிடந்த பூனை ஓடியது. சுவர்கள் எல்லாம் அதைக் கேட்டன. அவமானப்பட்ட வளவு வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது. ஆனால் மத்தியானத்திலிருந்து நாக்கின் நுனியில் புளித்துக் கிடந்த சொல் எவ்வளவு நேரம்தான் நிற்கும்? மெற்றில்டாவின் சுவரிலிருந்து முதலில் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு, வசவு போல: "நூறு." பிறகு சவரிராயன் சுவர். பிறகு முன்வரிசை, பின்வரிசை, எதிர்வீடு. எல்லாச் சுவர்களும், எறிகிற கல் போல, நூறு, நூறு, நூறு என்றன.

ஜெனோவா பிள்ளையை வாரி எடுத்து அதன் இரண்டு காதையும் இறுகப் பொத்தினாள். முற்றத்துப் பக்கம் இருந்த ஜன்னலைக் காலால் உதைத்துச் சாத்தினாள். வெளியே குரல்கள் ஓயும்வரை காத்திருந்து, பிறகு கையை எடுத்துவிட்டு, பிள்ளையின் காதில் வாயை வைத்து, வேறு யாருக்கும் கேட்காதபடி, அந்த நூறை அவளே சொன்னாள்.